தங்கக் கம்பனி கைமாறிய வாரமும் தாசன் சொன்ன பொய்யும்

கிறீன்லாந்தில் தங்கம் தேடும் கம்பனி ஒன்றை இன்னொரு கம்பனி விலைக்குக் கேட்கிறது என்ற செய்தி அண்மையில் என் கைத்தொலைபேசியில் வந்தது. அதே நொடியில் அது லண்டனிலும் ரொறன்ரோவிலும் வந்திருக்கும். கம்பனி தன் அறிவிப்பைக் கணினிக்குள் போடுகிறது. கணினி அதை எல்லோருக்கும் அனுப்புகிறது. இன்னொரு கணினி அதை மூன்று வரியாகச் சுருக்குகிறது. இடையில் யாரும் யாருக்கும் போன் எடுப்பதில்லை. டென்மார்க்கில், கோல்டிங் என்ற ஊரில் பிறந்து இப்போது கொப்பன்ஹேகனில் பொருளாதாரச் செய்தி எழுதும் எங்கள் பிள்ளைகள் இருவர், "முந்தி இதை ஆர் அங்கிள் செய்தது?" என்று கேட்டார்கள். நாங்கள்தான் செய்தோம். எப்படிச் செய்தோம் என்று எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் செய்தியைவிட, அந்தக் காலத்தில் நான் எழுதிய அப்படியொரு தங்கக் கம்பனிச் செய்தியால் வேலை போக இருந்த ஒருவரைப் பற்றித்தான் இதில் அதிகம் வரும்.

என் தொழிற்கல்வி சுருக்கமானது. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் அச்சுப்படி திருத்தச் சேர்ந்தேன். பிறகு நீதிமன்றச் செய்தி, பிறகு ஆங்கிலத் தந்திகளை மொழிபெயர்க்கும் மேசை. பத்திரிகையில் இருப்பதே ஆபத்தாகிப் போனபோது நாட்டை விட்டேன். டென்மார்க் அகதியாக ஏற்றுக்கொண்டது. மொழிப் பள்ளிக்கூடம், ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவல், அதன் பிறகு ஒரு விளம்பரம்: ஆங்கிலத்தில் வேகமாகவும் பிழையில்லாமலும் எழுதத் தெரிந்த ஒருவர் தேவை.

அது ஒரு சிறிய செய்தி நிறுவனம். பங்குச் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு தொப்பிக் கடைக்கு மேல்மாடி. வடக்கு நாடுகளின் கப்பல், உலோக, சுரங்கக் கம்பனிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி, சந்தா கட்டிய வெளிநாட்டுத் தரகர்களுக்கு டெலெக்ஸில் அனுப்புவோம். செய்திப் பொறுப்பாளர் இங்கர். ஐம்பதைத் தாண்டியவர். மெல்லிய சுருட்டுப் புகைப்பார். அந்த வயதுப் பெண்கள் இங்கே சுருட்டுப் புகைப்பதைப் பார்த்து முதல் வாரம் நான் வாயடைத்துப் போனேன். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் இன்னும் தாழ்த்துவார். நாங்கள் பக்கத்தில் போய்க் குனிந்து நின்று திட்டு வாங்க வேண்டும்.

"கூறப்படுகிறது" என்ற சொல்லைக் கண்டால் தாளைத் திருப்பித் தருவார்.

"யார் கூறுகிறார்? பெயர் சொல்ல முடியாதவரா? சரி. ஏன் முடியாது என்று எனக்குச் சொல்லும். அவருக்கு இதில் என்ன லாபம் என்றும் சொல்லும். வாசகருக்கு வேண்டாம். எனக்கு வேண்டும்."

ஒரு கம்பனி இன்னொன்றை வாங்க விரும்பினால் முதலில் அதன் பணிப்பாளர் சபையோடு பேசும். சபை மறுத்தால், சபையின் தலைக்கு மேலால் நேரே பங்குதாரர்களிடம் போகும்: உங்கள் பங்கை எங்களுக்குத் தாருங்கள், சந்தையைவிடக் கூடுதல் விலை தருகிறோம். இதைத்தான் பகைமைக் கொள்வனவு என்கிறோம். டென்மார்க்கில் இது அபூர்வம். இங்கே பழைய கம்பனிகளில் நிறுவனர் குடும்பத்தின் பங்குக்கு வாக்கு அதிகம், ஊராரின் பங்குக்குக் குறைவு. குடும்பம் தலையாட்டாமல் ஒன்றும் நடக்காது. தங்கம் தேடும் கம்பனிகள் வேறு மாதிரி. பாறையைத் துளைக்கத் தொடங்க முன்பே அவற்றுக்குக் காசு தேவை. ஊராரிடம் வாங்கி, எல்லோருக்கும் சம வாக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படியான கம்பனி மேல் பெரிய கம்பனிகள் கண் வைத்திருக்கும். மலையைத் தோண்டித் தேடுவதைவிட, தேடி முடித்தவனை வாங்குவது அவர்களுக்கு மலிவு.

இப்படியான செய்திக்கு இங்கரிடம் ஒரு வழிமுறை இருந்தது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் அதையே சொல்ல வேண்டும். பிறகு கடைசிப் போன். அனுப்பப்போகும் வரியைக் கம்பனிக்குப் போன் எடுத்து, ஒரு சொல்லும் விடாமல் வாசிக்க வேண்டும். எழுந்து நின்றுதான் வாசிக்க வேண்டும். இருந்துகொண்டு பேசினால் கெஞ்சுகிற குரல் வரும் என்பார். அவர்கள் என்ன சொல்கிறார்களோ, அது கடைசி வரியாகச் சேரும். அதன் பிறகு டெலெக்ஸ்.

இன்னொரு விதியும் இருந்தது. செய்தியைத் தந்தவர் யார் என்று யார் கேட்டாலும், "அவரா?" என்ற கேள்விக்கு ஆம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. இதை நான் ஒரு கப்பல் கம்பனி இணைப்பின்போது கற்றேன். ஒஸ்லோவிலிருந்து ஒரு தரகர் பேசினார். சிரித்துச் சிரித்துப் பேசினார். "அவர்களுடைய நிதிப் பொறுப்பாளராக இருக்காது, என்ன?" என்றார். உண்மையில் நிதிப் பொறுப்பாளர் இல்லை. அப்பாவியை ஏன் சந்தேகத்தில் விட வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். இங்கர் வந்து தொலைபேசியின் கொக்கியை விரலால் அழுத்தினார். இணைப்பு அறுந்தது.

"ஒருவருக்கு இல்லை என்றால் மற்றவருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டிவரும். கடைசியில் ஒருவர் மிஞ்சுவார்" என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

அந்த ஆண்டுகளில் நான் கொப்பன்ஹேகனின் புறநகரான ஹ்விடோவ்ரேயில் இரண்டு அறை வீடொன்றில் தாசனோடு இருந்தேன். முழுப்பெயர் யேசுதாசன். மன்னார்க் கத்தோலிக்கர், என்னைவிட இளையவர். ஊரில் மீன் ஏலம் கூறியவர். சமையலறையில் உப்புக் கேட்டாலும் கடற்கரையில் நின்று கேட்பதுபோல் கேட்பார். இங்கே ஒரு துப்புரவுக் கம்பனியில் வேலை. மனைவி மேரியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில் அகதி முகாமில் இருந்தார்கள். அவர்களை அழைக்கும் விண்ணப்பம் நீதியமைச்சில் கிடந்தது. எங்கள் எல்லோருடைய விண்ணப்பங்களும் அப்படித்தான் கிடந்தன. சட்டப்படி வரவேண்டியவர்களின் கோப்புகளை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதும், அது தமிழர் வழக்கு என்ற பெயரில் ஓர் அரசாங்கத்தையே கவிழ்க்கும் என்பதும் பின்னால் தெரிய வந்தவை. அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பதில் வரவில்லை. பதில் வராத இடத்தில் ஆளுக்கொரு காரணம் பிறந்தது. ஒருவர் பேருந்தில் டிக்கெட் எடுக்காமல் பிடிபட்டதால் என்றார். இன்னொருவர் வேலை மாறியதால் என்றார். தாசன் வேலையில் ஒரு நாளும் சுகவீன விடுப்பு எடுத்ததில்லை. காய்ச்சலோடும் போவார்.

அவர் துப்புரவு செய்த கட்டடம் ஒன்றில்தான் அந்தத் தங்கக் கம்பனியின் அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், இருந்தது. கம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெயரில் இன்று எதுவும் இல்லை. கிறீன்லாந்தில் ஒரு மலைப்பகுதியில் தங்கம் தேடும் உரிமை அவர்களிடம் இருந்தது. தாசன் அங்கே வேலை செய்கிறார் என்று அறிந்த அன்றே நான் சொல்லிவிட்டேன்:

"தாசன், அங்கை என்னத்தைக் கண்டாலும் எனக்குச் சொல்லாதையும். கேட்டாலும் சொல்லாதையும்."

"சொல்லுறதுக்கு என்ன கிடக்கு அண்ணை? தங்கக் கம்பனி எண்டு நானும் முதல் நாள் குப்பை வாளியைக் கிண்டிப் பாத்தனான். வாழைப்பழத் தோல்தான்."

அதன் பிறகு அந்தக் கந்தோரைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே வரவில்லை.

கம்பனியின் தலைவர் ஹோல்கர். ஒரு மதிய விருந்தில் ஒருமுறை அறிமுகமானவர், பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. ஒரு காலை அவரே போன் எடுத்து, ஏரிக்கரையில் கொஞ்சம் நடக்கலாமா என்று கேட்டார். நடந்தோம். நிபந்தனையை முதலில் சொன்னார். பெயர் வரக்கூடாது. "கம்பனிக்கு நெருக்கமான ஒருவர்" என்றும் வரக்கூடாது. நான் ஒத்துக்கொண்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னார். கனடாவில் உள்ள ஒரு தங்கச் சுரங்கக் கம்பனி சபைக்கு எழுதியிருக்கிறது. விற்க இணங்காவிட்டால் பங்குதாரர்களிடம் நேரே வருவோம் என்கிறது. இவ்வளவு பங்குக்கு மேல் வாங்கினால் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்ற எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டு, லண்டன் தரகர்கள் வழியாக ஏற்கெனவே பங்கு வாங்குகிறது.

"சபை என்ன செய்யப்போகிறது?" என்று கேட்டேன்.

"மௌனமாக இருக்கப்போகிறது. எங்கள் சட்டத்தரணியின் ஆலோசனை. நான் எதிர்த்தேன், தோற்றேன்." வாத்துக் கூட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மௌனமாக இருந்தால் மலிவாக விழுங்கிவிடுவார்கள். செய்தி வெளியே வந்தால் விலை ஏறும், வேறு யாராவது வருவார்கள். உமது செய்தியை ஒஸ்லோவிலும் ஸ்டொக்ஹோமிலும் வாசிக்கிறார்கள்."

இங்கரிடம் வந்து முழுவதையும் சொன்னேன். ஹோல்கருக்கு இதில் உள்ள லாபத்தையும் சொன்னேன். "லாபம் தெளிவாக இருக்கிறது. நல்லது. இரண்டாவது ஆளைப் பிடியும்" என்றார். லண்டனில் ஒரு தரகரைப் பிடித்தேன். யார் வாங்குகிறார்கள் என்று கேட்கவில்லை. வெவ்வேறு பெயரில் வரும் கட்டளைகளுக்குப் பின்னால் ஒரே ஆள் கனடாவில் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இருக்கிறார் என்றார்.

எழுந்து நின்று கம்பனிக்குக் கடைசிப் போன் எடுத்தேன். செயலாளர் போடில் எடுத்தார். சபை கூடியிருக்கிறது என்று சொல்லிச் சட்டத்தரணியிடம் கொடுத்தார். வரியை வாசித்தேன்.

"கருத்து எதுவும் இல்லை" என்றார் சட்டத்தரணி. பிறகு, "இதை எங்கே எடுத்தீர்கள்?"

"கருத்து எதுவும் இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி வைத்தேன். டெலெக்ஸ் ஓடியது.

அன்று மதியத்துக்குள் பங்கு விலை ஏறி, சந்தை அந்தப் பங்கின் வியாபாரத்தை நிறுத்தியது. கனடாக் கம்பனி தன் கையை வெளியே காட்ட வேண்டியதாயிற்று. ஹோல்கர் கணக்குப் போட்டபடியே வடக்கு நாடுகளின் உலோகக் கம்பனி ஒன்று, எங்களோடு இணையுங்கள் என்று சபைக்குத் தூது அனுப்பியது. எங்கள் மேல்மாடியில் எல்லோரும் உற்சாகமாக இருந்தோம். அந்த வாரம் போன் மணி ஓயவில்லை.

தங்கக் கம்பனியின் கந்தோருக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சபையின் முடிவை மீறி யாரோ வெளியே சொல்லியிருக்கிறார்கள். அது யார் என்று சட்டத்தரணி தேடத் தொடங்கினார். செய்தியை எழுதியவன் ஒரு தமிழன் என்று யாரோ அவருக்குச் சொன்னார்கள். கட்டடத்தில் இன்னொரு தமிழர் இருக்கிறார், எல்லா அறைக்கும் அவரிடம் சாவி இருக்கிறது. சட்டத்தரணி தாசனைக் கூப்பிட்டார்.

அன்று தாசன் வழமைக்கு முன்பே வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் சமையலறைக் கதிரையில் இருந்தார்.

"அண்ணை, அந்த லோயர் உங்கட பேரைச் சொல்லி, இந்த ஆளைத் தெரியுமோ எண்டு கேட்டவர்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"தெரியாது எண்டு சொன்னனான்."

நான் அடுப்பை நிறுத்தினேன்.

"தாசன், என்ர பேரும் உம்மட பேரும் ஒரே கதவிலை ஒட்டிக் கிடக்கு."

"அது எனக்குத் தெரியாமலோ? ஆனா ஒருத்தன் மேசைக்கு அங்காலை இருந்துகொண்டு இவனைத் தெரியுமோ எண்டு கேட்டா, என்ர வாய் தெரியாது எண்டுதான் சொல்லும். மன்னார்ப் பாலத்தடியிலை ஆமி கேக்கேக்கை ஓம் எண்டு சொன்னவன் ஆராவது வீட்டை வந்தவனோ? உங்களையுமெல்லோ சேர்த்துக் கொண்டு போவாங்கள்!"

"இது பாலத்தடி இல்லை."

"கேள்வி அதே கேள்விதானே."

அவர் சொன்னது உண்மை. ஊரில் சோதனைச் சாவடியில் நின்ற எவருக்கும் அந்தப் பதில் மூளைக்குப் போகாமல் நாக்கிலிருந்தே வரும். அகதி விசாரணையிலும் எத்தனையோ பேர் கூடப் பிறந்தவரையே தெரியாது என்று சொல்லி, பிறகு அதை விளக்க முடியாமல் தவித்தார்கள். இந்த நாட்டில் அந்தப் பதில் வேறு மாதிரி வேலை செய்யும். இங்கே தெரிந்த ஆளைத் தெரியாது என்றால், மறைக்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சட்டத்தரணி அவர் சொன்னதைத் தட்டச்சில் அடித்துக் கையெழுத்தும் வாங்கியிருந்தார். அடுத்த நாளே எங்கள் முகவரி ஒன்றுதான் என்பதையும் கண்டுபிடித்தார்.

துப்புரவுக் கம்பனி தாசனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி, முடிவைச் சட்டத்தரணியிடம் விட்டது. விஷயத்தைப் பொலிசுக்குக் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் சொல்லி அனுப்பினார்கள். தாசன் அதன் பிறகு பகிடி விடவில்லை. "பொலிசு எண்டு ஒரு எழுத்து அமைச்சுக்குப் போனாக் காணும், மேரியாக்கள் வந்த மாதிரித்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வேலைக்கும் குடும்பம் வருவதற்கும் சட்டத்தில் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சட்டத்தில் உள்ளதே நடக்காத காலம் அது.

இங்கரும் நானும் சட்டத்தரணியின் அழைப்பில் கம்பனிக்குப் போனோம். போக வேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை. தாசனுக்காகப் போக வேண்டும் என்று நான் கேட்டேன். இங்கர் சுருட்டை இரண்டு முறை இழுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். வழியில் ஒன்று மட்டும் சொன்னார்: "அவரைத் தெரியும் என்று சொல்லும். அது உண்மை, உமது சொந்த விஷயம். அதற்கு மேல் ஒரு பெயருக்கும் பதில் இல்லை. உமது நண்பரின் பெயருக்கும்தான்."

நீள மேசை. சுவரில் கிறீன்லாந்தின் வரைபடம். ஒரு பக்கம் சட்டத்தரணி, மெலிந்தவர், கண்ணாடி. பக்கத்தில் ஹோல்கர். அவர் கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். மேசை முனையில் போடில் குறிப்பெடுத்தார். பேச்சு ஆங்கிலத்தில்.

"யேசுதாசன் என்பவரைத் தெரியுமா?"

"தெரியும். ஒரே வீட்டில் இருக்கிறோம்."

"தெரியாது என்று கையெழுத்து வைத்திருக்கிறாரே."

சோதனைச் சாவடியைப் பற்றி விளக்கினேன். அதிகாரத்தில் இருப்பவர் கேட்கும்போது எங்கள் ஊரில் தெரியாது என்பதுதான் உயிரோடு வீடு போகும் பதில் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நம்பவில்லை என்பது கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது.

"சுவாரசியமான விளக்கம். நேராகக் கேட்கிறேன். இந்த அறையில் பேசப்பட்டதை உங்களுக்குச் சொன்னவர் அவர்தானா?"

இங்கர் அசையவில்லை. நான் பேசாமல் இருந்தேன். என் மௌனம் என்ன செய்கிறது என்று எனக்கு விளங்கியது. அது ஹோல்கரைக் காத்தது. அதே நேரம் தாசனின் பெயருக்குக் கீழே கோடு போட்டது. சொன்னவர் மேசைக்கு எதிர்ப்பக்கம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"உங்கள் மௌனத்தை நாங்கள் குறித்துக்கொள்ளலாம்தானே?" என்றார் சட்டத்தரணி. போடிலின் பேனா ஓடியது.

"இல்லை" என்றேன். "அவர் சொல்லவில்லை. இந்தக் கந்தோரைப் பற்றி அவர் எனக்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை."

இங்கர் என்னைப் பார்க்கவில்லை. தன் கைப்பையின் பூட்டை ஒருமுறை திறந்து மூடினார்.

சட்டத்தரணி முன்னால் சாய்ந்தார். அவருடைய குரலில் முதல்முறையாக ஒரு கனிவு வந்தது.

"மிக்க நன்றி. அப்படியானால் பெயர்களுக்கு நீங்கள் பதில் சொல்வீர்கள். சபைக்கு வெளியே இதை அறிந்தவர்கள் மிகச் சிலர். ஒவ்வொருவராகப் போவோம். போடில்?"

போடிலின் பேனா நின்றது. பிறகு, பழக்கத்தால், தன் பெயரைத் தானே எழுதினார். எழுதி முடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் பெண். கழுத்தில் சிவப்பு ஏறியது.

இல்லை என்றால் அடுத்தது புவியியலாளர், அதற்கடுத்தது கணக்காளர். சபைக்கு வெளியே உள்ளவர்களின் பெயர்கள் முடிந்தால் கேள்வி சபைக்குள் வரும். மௌனமாக இருந்தால் போடில். ஹோல்கரின் பக்கம் என் கண் ஒரு கணம் போனாலும் எல்லாம் முடிந்துவிடும். நான் அந்தப் பேனா முனையையே பார்த்தேன்.

"இவர் இனி எதற்கும் பதில் சொல்ல மாட்டார்" என்றார் இங்கர். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. சட்டத்தரணி கேட்பதற்குக் குனிய வேண்டியிருந்தது.

"அப்படியானால் போடிலுக்குச் சிக்கல்தான்."

"போடிலை விடும்" என்றார் ஹோல்கர், டேனிஷில்.

"தலைவரே, நான் இதை முடிக்க வேண்டும். சபை என்னிடம் ஒப்படைத்தது—"

"விடும் என்றேன். துப்புரவுக்காரரையும் விடும். இது இத்தோடு முடிந்தது."

சட்டத்தரணி திரும்பி அவரைப் பார்த்தார். ஹோல்கர் இப்போது ஜன்னலைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். சட்டத்தரணி பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு விளங்கிவிட்டது. போடிலுக்கும் விளங்கியது. அவர் தலையைத் தூக்கவே இல்லை.

தாசனின் பெயர் வந்தபோது ஹோல்கர் வாய் திறக்கவில்லை என்பதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். பல ஆண்டுகள் தன் கடிதங்களைத் தட்டச்சு செய்த பெண்ணின் பெயர் வந்தபோதுதான் திறந்தார். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்தது அது.

வெளியே வந்து இங்கர் என்னைக் கால்வாய்ப் பாலம் வரை நடத்திக்கொண்டு போனார். பாலத்தடியில் சொசேஜ் விற்கும் வண்டியில் எனக்கும் தனக்கும் வாங்கினார். தின்று முடித்த பிறகுதான் சொன்னார்:

"நாளையிலிருந்து நீர் மற்றவர்களின் செய்தியைத் திருத்தும். போன் எடுக்க வேண்டாம்."

"அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பார்கள், இங்கர்."

"ஓம். நிறுத்தியிருப்பார்கள். நீர் சொன்ன 'இல்லை'யால்தான் அவர் தப்பினார். அதே 'இல்லை'யால்தான் ஹோல்கர் அகப்பட்டார். நண்பருக்காக நீர் வாய் திறப்பீர் என்று இனி இந்த ஊருக்குத் தெரியும். உம்மிடம் யார் பேசுவார்?" விரல்களைத் தாளில் துடைத்தார். "நான் கோபமாக இல்லை. வேலையைப் பிரிக்கிறேன், அவ்வளவுதான்."

ஓய்வு பெறும் வரை நான் திருத்தும் மேசையில்தான் இருந்தேன். பின்னால் வந்த எத்தனையோ இணைப்புகளும் கொள்வனவுகளும் என் கை வழியாகப் போயின. அவற்றில் ஒன்றுக்கும் நான் போன் எடுக்கவில்லை. அந்தத் தங்கக் கம்பனி வடக்கு நாட்டுக் கம்பனியோடு இணைந்தது. கனடாக்காரர் வாங்கிய பங்குகளை ஏறிய விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஹோல்கர் உடல்நலக் காரணத்தால் தலைவர் பதவியிலிருந்து விலகினார் என்ற அறிவிப்பு வந்தது. அதை மூன்று வரியாகச் சுருக்கியவன் நான்.

அன்று அந்தக் கால்வாய்ப் பாலத்தடியிலிருந்து வீட்டுக்குப் போன நான் தாசன் மகிழ்வார் என்று நினைத்தேன். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, பொலிசு இல்லை. அவர் கேட்டது வேறு.

"என்னைத் தெரியும் எண்டு சொல்லிப்போட்டியளோ?"

"ஓம். வேறை என்ன சொல்லுறது?"

"அப்ப நான் கையெழுத்து வச்சது பொய். அந்தக் கடதாசி அங்கை கிடக்கு. நான் ஒரு பொய்யன் எண்டு டென்மார்க்கிலை ஒரு கடதாசி கிடக்கு, அண்ணை! நாளைக்கு அமைச்சிலை இருந்து ஆராவது அதைத் தூக்கினா?"

"அமைச்சுக்கு அதைப் பற்றி ஒண்டும் தெரியாது. அவையள் தூக்க மாட்டினம்."

"உங்கட அமைச்சு ஆக்கள் செய்யிறது உங்களுக்குத் தெரியுமாக்கும்!"

அடுத்த நாள் அவரோடு போனேன். சட்டத்தரணி இல்லை. போடில்தான் இருந்தார். தாசன் அரைகுறை டேனிஷில், மீன் ஏலத்துக் குரலில், தான் பொய் சொன்னதாகவும் அதைத் திருத்த வந்ததாகவும் சொன்னார். போடில் அந்தக் கடதாசியை எடுத்துக் காட்டி, இது முடிந்த விஷயம் என்று சொல்லி அவர் முன்னாலேயே நான்காகக் கிழித்தார்.

"கிழிச்சா என்னெண்டு தெரியும், இதுதான் அந்தக் கடதாசி எண்டு?" என்று தாசன் என்னிடம் தமிழில் கேட்டார். "புதுசா எழுதித் தரச் சொல்லுங்கோ. எனக்கு உங்களைத் தெரியும் எண்டு. முத்திரை குத்தி."

நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். போடில் சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. தட்டச்சு இயந்திரத்தில் கம்பனியின் தலைப்புத் தாளைச் செருகினார். இந்த இருவரும் ஒருவரையொருவர் அறிவார்கள், ஒரே வீட்டில் வசிக்கிறார்கள், முன்னர் சொல்லப்பட்டது தவறு. தாசன் கையெழுத்து வைத்தார், நான் வைத்தேன். போடில் தன் கையெழுத்தையும் வைத்து, மை ஒட்டி, முத்திரையை இரண்டு கையாலும் அழுத்திக் குத்தினார்.

நாடாளுமன்றத்தின் முறைப்பாட்டு அதிகாரி தலையிட்டு அறிக்கை எழுதிய பிறகுதான் கோப்புகள் அசைந்தன. மேரிக்கும் பிள்ளைகளுக்கும் அனுமதி வந்தது. அந்தக் கடதாசியை ஒருவரும் கேட்கவில்லை. கஸ்ற்றப் விமான நிலையத்துக்கு நானும் தாசனும் போனோம். வெளியே வரும் கதவுக்குப் பக்கத்தில் சீருடையோடு ஓர் இளம் அதிகாரி நின்றார். தாசன் நேரே அவரிடம் போய்ச் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். மடிப்புகளில் கிழிந்து போயிருந்தது. அதிகாரி மரியாதையாக வாங்கினார். இல்லாமற்போன ஒரு தங்கக் கம்பனியின் பெயரை வாசித்தார், கீழே முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது எனக்குத் தேவையில்லை" என்று திருப்பிக் கொடுத்தார்.

தாசன் வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னொருக்கா வடிவாப் பாக்கச் சொல்லுங்கோ, அண்ணை."

நான் சொல்லவில்லை. அதிகாரிக்குப் பின்னால் கதவு திறந்துகொண்டிருந்தது. ஒரு பெண் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு பிள்ளைகள் அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு, வெளியே நின்ற ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.